யன்னலுக்கு மேலே போடும் துளை

மீளக்குடியேறிய கிராமம் ஒன்றினூடாக மாலை நேரத்தில் நடந்து செல்பவருக்கு ஒரு காட்சி தவறாமல் தென்படும். புதிய கல்வீடு, சுவர் பூசி முடிந்திருக்கும், சில வேளைகளில் முடியாமலும் இருக்கும், யன்னலுக்கு நிலை இருக்கும், கதவு இராது. அந்த இடைவெளியில் ஒரு சேலைத் துண்டோ, முன்பு கொட்டிலுக்குக் கூரையாக இருந்த தறப்பாளின் பாதியோ தொங்கும். அதைத் தாங்குவதற்காக யன்னலுக்கு மேலே இரண்டு ஆணிகள் அடிக்கப்பட்டிருக்கும். ஆணிகளைச் சுற்றிப் பூச்சு உடைந்து, ஒரு கைப்பிடி அளவு சீமெந்து பெயர்ந்து, உள்ளே கொங்கிறீற் தெரியும். சில வீடுகளில் துருப்பிடித்த கம்பியும் தெரியும்.

இந்த ஆணிகளைப் பற்றியே இம்முறை எழுத விரும்புகிறோம். விதை, பசளை, குளம், கடன் என எழுதுவதற்கு எத்தனையோ இருக்க, யன்னல் சீலைக்கு ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். பெண்கள் கேட்கமாட்டார்கள். 1990 இலும் 1995 இலும் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டுப் பாடசாலைகளிலும் உறவினர் வீட்டு விறாந்தைகளிலும் காலம் கழித்தவர்களுக்கும், 2012 செப்டெம்பரில் மூடப்படும்வரை செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இருந்தவர்களுக்கும், உடுப்பு மாற்றுவதற்கு ஒரு மறைப்பு என்பது எவ்வளவு பெரிய விடயம் என்று தெரியும். வீடு என்று ஒன்று கிடைத்ததும் அவர்கள் முதலில் செய்வது யன்னலை மறைப்பதுதான். அதை ஆடம்பரம் என்று எவரும் சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைக்காற்றுடன் தூவானம் உள்ளே அடிக்கும்போது, நெல் மூட்டை அடுக்கியுள்ள அறைக்கும் அந்த மறைப்புத்தான் காவல்.

ஆகவே ஆணி அடிக்க வேண்டாம் என்று சொல்வதற்கு நாம் வரவில்லை. எங்கே அடிப்பது, எங்கே அடிக்கக் கூடாது, எதை அதில் தொங்கவிடலாம், எதைத் தொங்கவிடவே கூடாது என்பதைத்தான் சொல்ல வருகிறோம். யன்னலுக்கு மேலே உள்ள அந்த ஓரடி இடம் சுவரின் மற்றப் பகுதிகளைப் போன்றதல்ல.

இந்திய அரசு 2010 இல் அறிவித்த 50,000 வீட்டுத் திட்டத்தின் பெரும் பகுதி 2012 ஒக்டோபரில் தொடங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா, வேலை முன்னேற முன்னேறக் கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. குடும்பமே மேசனைப் பிடித்து, கல்லும் மணலும் ஏற்றி, வீட்டைக் கட்டுவித்தது. சொந்தக் கையால் கல் சுமந்தவர்கள் என்பதால், தங்கள் வீட்டின் ஒவ்வொரு சுவரையும் அவர்கள் அறிவார்கள். ஆனால் லின்ரலுக்குள் என்ன இருக்கிறது என்பதை மேசன் மட்டுமே அறிவார். கொங்கிறீற் போட்ட பின் அதை எவரும் பார்க்க முடியாது அல்லவா? பல வீடுகளில் பணம் முடிந்த இடத்தில் வேலையும் நின்றது. யன்னல் கதவும் பூச்சும் பிறகு பார்க்கலாம் என்று விடப்பட்டன. சீலைக்கும் தறப்பாளுக்கும் வேலை வந்தது அதனால்தான்.

வாய்க்கால் பலகையும் லின்ரலும்

லின்ரல் என்பது யன்னல் நிலைக்கும் கதவு நிலைக்கும் மேலே குறுக்காகக் கிடக்கும் கொங்கிறீற் வளை. நிலை சுவரைத் தாங்குகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. நிலையைக் கழற்றி எடுத்தாலும் சுவர் நிற்க வேண்டும். மேலேயுள்ள கல்லையும், பல சிறிய வீடுகளில் கூரையின் பாரத்தையும் சேர்த்து, இரு பக்கச் சுவர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது லின்ரல்தான்.

வாய்க்காலின் குறுக்கே போட்ட பலகையில் நடந்து பாருங்கள். நடுவில் நிற்கும்போது பலகை கீழ்நோக்கி வளைகிறது. அப்போது பலகையின் மேற்பக்கம் நெருக்கப்படுகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. பச்சை மரவள்ளித் தடியை முழங்காலில் வைத்து வளைத்தால் வெளிப்பக்கத்துத் தோல் முதலில் வெடிப்பதும் இதனால்தான். லின்ரலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இவ்வாறே வளைகிறது. கொங்கிறீற் நெருக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இழுவையைத் தாங்கும் வலு, நெருக்கத்தைத் தாங்கும் வலுவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அந்தக் குறையை நிரப்பவே அடிப்பக்கத்தில் இரும்புக் கம்பி வைக்கிறார்கள். சாதாரண வீட்டு யன்னலின் லின்ரலில் கீழே இரண்டு கம்பிகள், 10 அல்லது 12 மி.மீ. தடிப்பில் இருக்கும். மேலேயும் இரண்டு இருக்கும். இந்த நான்கையும் 6 மி.மீ. கம்பி வளையங்கள் சுமார் 6 முதல் 8 அங்குலத்துக்கு ஒன்றாகச் சுற்றிப் பிடித்திருக்கும்.

கீழே இருப்பது இரண்டே இரண்டு கம்பிகள் என்பதைக் கவனியுங்கள். வயர் இழுப்பதற்கோ, பெரிய கிறில் பொருத்துவதற்கோ என்று அடியிலிருந்து கொத்திக்கொண்டு போய் ஒரு கம்பியை வெட்டிவிட்டால், லின்ரலின் வலுவில் பாதி போய்விடும். அன்றைக்கே ஒன்றும் நடக்காது. வீடு நிற்கும். மாரியில் சுவர் நனைந்து பாரமேறும்போதோ, கூரை திருத்த இரண்டு பேர் மேலே ஏறும்போதோ யன்னலின் நடுவில் ஒரு வெடிப்புத் தோன்றும்.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். சரியான இடத்தில் போடும் 6 மி.மீ. துளை ஒன்றினால் வீடு விழாது. அப்படிப் பயமுறுத்தி, மக்கள் தம் வீட்டுச் சுவரைத் தொடவே அஞ்சும்படி செய்வோரும் உள்ளனர். அந்த வழியை நாம் விரும்பவில்லை. கெடுதி செய்பவை வேறு: பெரிய உளியும் கனத்த சுத்தியலும், விளிம்போரத்தில் அடிக்கும் ஆணி, அடிப்பக்கத்தில் போடும் துளை, துளைக்குள் இறங்கும் உப்பு நீர், தாங்க முடியாத பாரம்.

எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில்

6 அங்குல உயரமுள்ள ஒரு லின்ரலை எடுத்துக்கொள்வோம். கீழ்க் கம்பிகள் அடி விளிம்பிலிருந்து 1 முதல் 1½ அங்குலம் உயரத்தில் கிடக்கும். மேற்கம்பிகள் மேல் விளிம்பிலிருந்து அதேயளவு கீழே கிடக்கும். நடுவில் சுமார் 2 அங்குலம் உயரமான ஒரு பட்டியில் நீளக் கம்பிகள் இல்லை. துளைக்கு உரிய இடம் அதுதான்: முகப்புப் பக்கத்தில், லின்ரலின் அடி விளிம்பிலிருந்து 3 அங்குலம் உயரத்தில். பூச்சு மூடியிருப்பதால் லின்ரல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாவிட்டால், நிலையின் மேல் விளிம்பிலிருந்து அளக்கலாம். பொதுவாக நிலையின் மேலேயே லின்ரல் அமர்ந்திருக்கும். உள்முனைகளில், அதாவது யன்னல் இடைவெளியின் மேல்மூலைகளுக்கு நெருக்கமாகக் கீழ் விளிம்பில், ஒருபோதும் துளைக்கக் கூடாது. விளிம்பிலிருந்து 2 அங்குலத்துக்குள் பிளக்கை இறுக்கினால் அது விரியும் விசையிலேயே மூலை உடைந்து பெயரும்.

அப்பட்டியிலும் வளையக் கம்பி ஒன்று குறுக்கிடலாம். அலகு திடீரென்று உள்ளே போகாமல் நின்று, சத்தம் மாறி, வெண்தூளுக்குப் பதிலாக மினுங்கும் தூள் வந்தால் கம்பியில் முட்டியுள்ளது என்று பொருள். பலர் அப்போதுதான் இன்னும் பலமாக அழுத்துகிறார்கள். வேண்டாம். நிறுத்தி, ஓரமாக ஒன்றரை அங்குலம் தள்ளி மீண்டும் துளையுங்கள். விட்ட துளையைச் சீமெந்துச் சாந்தால் அன்றே அடைத்துவிடுங்கள். காந்தத்தைச் சுவரில் வைத்துக் கம்பி தேடும் வழக்கமும் உண்டு. கம்பி ஓர் அங்குலம் உள்ளே இருந்தால் சாதாரண காந்தம் அதைக் காட்டாது. காந்தம் நன்றாக ஒட்டிப் பிடித்தால், கம்பிக்கு மேல் போதிய கொங்கிறீற் மூடப்படவில்லை என்பதே செய்தி. அந்த லின்ரலைத் துளைக்காமல் விடுவதே நல்லது.

ஆழத்தையும் கணக்கிட வேண்டும். பூச்சு அரை அங்குலம். பூச்சு எதையும் தாங்காது; அதில் நிற்கும் பிளக் ஒரு மாதத்தில் கையோடு வரும். கொங்கிறீற்றுக்குள் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் பிளக் போக வேண்டும். தூள் தங்குவதற்கு இன்னும் கால் அங்குலம். எல்லாமாக 1¾ அங்குலம். அலகில் அந்த அளவில் ஒரு துண்டு ரேப் ஒட்டிவிட்டால், ரேப் சுவரைத் தொட்டதும் நிறுத்தலாம். மரத்துக்குப் பாவிக்கும் அலகு கொங்கிறீற்றில் சூடாகிக் கருகும். நுனியில் கடின உலோகத் துண்டு வைத்த, சுவருக்கான அலகையே ஹாட்வெயார் கடையில் கேட்டு வாங்குங்கள். பூச்சைச் சாதாரணமாகச் சுழற்றித் துளைத்து, கொங்கிறீற் தட்டுப்பட்ட பிறகே மெசினின் இடிக்கும் விசையைப் போட்டால் பூச்சு உடையாது. துளையில் உள்ள தூளைச் சைக்கிள் பம்பால் ஊதி அகற்றலாம். ஊதுபவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அந்தத் தூளில் மணலின் நுண்துகள்கள் உள்ளன. நாளெல்லாம் சுவாசிப்பவர்களின் நுரையீரலைக் கெடுப்பவை அவையே. இரண்டு துளைகளுக்கு அவ்வளவு பயமில்லை என்றாலும், மூக்கை ஈரத்துணியால் கட்டிக்கொள்வதும் பிள்ளைகளை வெளியே அனுப்புவதும் செலவில்லாத காரியங்கள்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுவருக்குள் குழாய் புதைத்து வயர் இழுத்த வீடாயின், சுவிச்சுக்கும் விளக்குக்கும் நேர் மேலாகவும் நேர் பக்கமாகவும் துளைக்காதீர்கள். இரவல் வாங்கிய மெசினுக்குப் பிளக் முனை இல்லையென்று, வயரை உரித்து நெருப்புக் குச்சியால் செருகி வேலை செய்யும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. ஈர நிலத்தில் வெறுங்காலுடன் நின்று அப்படிச் செய்பவர், யன்னல் சீலைக்காக உயிரைப் பணயம் வைக்கிறார்.

மின்சாரம் இல்லாத இடங்களில், நுனி கூரான தடித்த உருக்குத் தண்டு ஒன்றைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் சிறிது திருப்பி, கையாலேயே துளையிடலாம். ஒரு துளைக்குக் கால் மணி நேரம் செல்லும். பொறுமையிருந்தால் மெசினை விட நேர்த்தியாக வரும். கொங்கிறீற் ஆணியை நேரே அடிப்பது எல்லாவற்றிலும் மோசமான வழி. அது கடினமான உருக்கு, வளையாது, முறியும். முறிந்த துண்டு எங்கே பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் அந்த ஆணியைத் தொட வேண்டாம்.

பிளக் இல்லாத காலத்திலும் சுவரில் பொருள்கள் தொங்கத்தான் செய்தன. பழைய மேசன்மார் சுவரில் 2 அங்குல ஆழத்துக்குக் குழி கொத்தி, உட்பக்கம் அகலமாகவும் வெளிப்பக்கம் ஒடுக்கமாகவும் சீவிய மரக்கட்டையைச் சாந்துடன் பதித்து, ஒரு வாரம் காயவிட்டுத் திருகாணி போடுவார்கள். பிற்காலத்தில் இலண்டனில், பிரித்தானிய அருங்காட்சியகச் சுவர்களைச் சிதைக்காமல் மின் உபகரணங்களைப் பொருத்த வேண்டிய தேவை வந்தபோது, ஜோன் ஜோசப் றோலிங்ஸ் என்பவர் நாரினாலான பிளக்கை உருவாக்கினார். அது 1911 அளவில். கடையில் நாம் றோல் பிளக் என்று கேட்பது அவருடைய பெயரைத்தான். இன்று கிடைக்கும் நைலோன் பிளக் 1958 இல் ஜேர்மனியில் ஆர்தர் பிஷர் செய்தது. மரக்கட்டை முறையை நாம் முற்றாக மறந்துவிட வேண்டியதில்லை. உள்ளே வெறுமையான புளொக் கல் சுவரிலும், சீமெந்து குறைத்து அரித்த உதிரும் கல்லிலும், பிளக்கை விடச் சாந்தில் பதித்த கட்டையே நன்றாக நிற்கும். லின்ரலில் மட்டும் அது ஆகாது. அவ்வளவு பெரிய குழியை அங்கே கொத்தக் கூடாது.

தொங்கும் பாரம்

சீலையும் அதற்குரிய தடியும் சேர்ந்து இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் வராது. மேலே சொன்னபடி போட்ட இரண்டு பிளக்குகள் அதை ஆண்டுக்கணக்கில் தாங்கும். தறப்பாள் அப்படியல்ல. நிறை குறைவுதான், ஆனால் காற்று நிறைந்தால் அது பாய்மரம் ஆகிவிடும். ஒரு மாரிக் காற்றில் அது இழுக்கும் இழுப்பில் பிளக் தளர்ந்து, துளை அகன்று, மழைநீர் அதற்குள் இறங்கத் தொடங்கும். தறப்பாளை லின்ரலில் கட்டாமல், கூரையின் சிலாகையில் மேல் விளிம்பையும் நிலத்தில் அறைந்த கட்டைகளில் கீழ் விளிம்பையும் கட்டி, சுவரிலிருந்து ஓரடி தள்ளித் தாழ்வாரம் போல் இறக்கிவிடுவது நல்லது. காற்றும் வரும், தூவானமும் நிற்கும்.

வாழைக்குலை, விதை வெங்காயக் கட்டு, சோளப் பொத்தி, விதைச் சுரை என்பவற்றை உயரத்தில் தொங்கவிடுவது எமது விவசாயிகளின் நல்ல பழக்கம். எலிக்கும் ஈரத்துக்கும் அதுவே காவல். பழைய வீட்டில் பனஞ்சிலாகையும் மரவளையும் இருந்தன. கயிறு போட இடம் இருந்தது. புதிய வீட்டின் மெல்லிய கூரைச் சட்டத்தில் இடம் குறைவு. எனவே லின்ரலில் கொழுக்கி ஏறுகிறது. 20 கிலோக் குலையை ஒரு பிளக்கில் தொங்கவிடுவது சரியல்ல. இதற்கு ஒரு பலகை போதும், கீழே சொல்கிறோம்.

ஏணையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் சென்ற ஒரு கிராமத்தில், ஓர் இளந்தாய் கதவுக்கு மேலேயுள்ள லின்ரலின் அடிப்பக்கத்தில், நேர் மேலாகத் துளைத்த கொழுக்கி ஒன்றில் ஏணை கட்டியிருந்தார். காற்று நன்றாக வரும் இடம் என்பதால் அதைத் தெரிந்தெடுத்திருந்தார். பிள்ளைக்கு 8 மாதம். கொழுக்கியைக் கையால் அசைத்துப் பார்த்தபோது பிளக்கும் சேர்ந்து அசைந்தது. இன்னும் சில நாட்கள் சென்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அந்தத் தாய்க்கு நாம் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்.

அந்தத் துளையில் எல்லாத் தவறும் சேர்ந்திருந்தது. அது லின்ரல் இழுபடும் பக்கம். கம்பிகள் கிடக்கும் பக்கம். பக்கவாட்டில் போட்ட பிளக்கில் பாரம் திருகாணியைக் குறுக்காக அழுத்துகிறது. அடியிலிருந்து மேலே போட்ட பிளக்கிலோ பாரம் அதை நேரே வெளியே இழுக்கிறது. உரசலைத் தவிர அதைப் பிடித்து வைக்க வேறொன்றும் இல்லை. ஏணை அசையாத பாரமும் அல்ல. வீச்சாக ஆட்டும்போது ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் கயிற்றில் விழும் இழுவை, பிள்ளையின் நிறையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். ஒரு நாளில் எத்தனை நூறு தடவை ஆட்டுகிறோம்? மூத்த பிள்ளை தானும் ஏறிப் பார்ப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏணைக்கு உரிய இடம் கூரையின் பலமான வளை, அல்லது வீட்டுக்கு வெளியே மாமரக் கொப்பு. இரண்டும் இல்லாவிட்டால் மூன்று தடிகளைக் கூட்டிக் கட்டிய முக்காலி. லின்ரலில் ஏணை கட்டக் கூடாது. இதில் விதிவிலக்கு எதுவும் இல்லை.

பலகைக்கு வருவோம். 1 அங்குலத் தடிப்பும் 4 அங்குல அகலமும் கொண்ட பலகை ஒன்றை, யன்னலை விட இரு பக்கமும் ஓரடி நீளமாக அறுத்தெடுங்கள். லின்ரல் வழக்கமாக இரு பக்கச் சுவருக்குள்ளும் 6 முதல் 9 அங்குலம் வரை போயிருக்கும். ஓரடி தள்ளினால் பலகையின் முனைகள் லின்ரலைத் தாண்டிச் சுவரில் அமரும். முனைக்கு இரண்டு திருகாணி, பிளக்கிலோ பதித்த மரக்கட்டையிலோ. பிறகு பலகையில் எங்கு வேண்டுமானாலும் கொழுக்கி போடலாம். சுவருக்கு ஒரு சேதமும் வராது. வேப்பம் பலகை கறையானுக்கு நின்றுபிடிக்கும். லின்ரல் வீட்டைச் சுற்றி ஒரே பட்டியாகப் போடப்பட்டிருந்தால் முனைகளும் கொங்கிறீற்றில்தான் விழும். அப்போது நடுப்பட்டி விதியே பொருந்தும்.

சீலைக்கு மட்டும் என்றால் பலகையும் தேவையில்லை. மர நிலையாயின் அதன் மேற்சட்டத்திலேயே இரண்டு சிறு கொழுக்கிகளைத் திருகி, கம்பியோ கயிறோ இழுத்துக் கட்டலாம். பத்து நிமிட வேலை. கொங்கிறீற் நிலை வைத்த வீடுகளில் நிலையைத் துளைக்காதீர்கள். அது மெல்லியது, உள்ளே கம்பியும் சிறிது. ஆயத்தமாக வார்த்து விற்கப்படும் சில லின்ரல்களில் இழுத்து இறுக்கிய மெல்லிய உருக்குக் கம்பிகள் உள்ளன. அவையும் துளைக்கத் தகாதவை. உங்கள் வீட்டில் போட்டது எது என்று கட்டிய மேசனிடமே கேளுங்கள்.

உப்புக்காற்றும் பழைய சுவரும்

மன்னார், முல்லைத்தீவு, பருத்தித்துறைக் கரையோரங்களில் உள்ளவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கொங்கிறீற்றுக்குள் இருக்கும் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. உப்பு உள்ளே சென்றால் அந்தக் காவல் உடைகிறது. துருவானது தான் தின்ற இரும்பை விட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். சுவர் வெடிப்பில் விழுந்த ஆலம் விதை வேர்விட்டுச் சுவரைப் பிளப்பதைப் போல, துரு உள்ளிருந்தே கொங்கிறீற்றைப் பிளக்கிறது. கழுவாத கடல் மணலில் கட்டிய வீட்டில் உப்பு முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்கிறது. அப்படியான இடங்களில் வெளிப்பக்கச் சுவரில் துளை போடாமல், வீட்டின் உட்பக்கத்தில் மட்டும் போடுவது நல்லது. கைவிட்ட துளை ஒவ்வொன்றையும் அடைத்துவிட வேண்டும்.

விட்டுச் சென்ற பழைய வீட்டுக்கே திரும்பியவர்கள், துளைப்பதற்கு முன் லின்ரலை நன்றாகப் பார்க்க வேண்டும். அடி விளிம்பை ஒட்டி நீளவாக்கில் வெடிப்பு, செம்மண்ணிறக் கறை, சுத்தியல் பிடியால் தட்டும்போது பொள்ளென்ற சத்தம், செல் துண்டு பட்ட பள்ளம் என்பவற்றில் ஒன்று கண்டாலும் அதில் எதுவும் தொங்கவிடாதீர்கள். மேசனை அழைத்து, தேவையானால் முட்டுக் கொடுத்துவிட்டு, உதிரும் கொங்கிறீற்றை அகற்றி, கம்பியைக் கம்பித் தூரிகையால் துரு நீக்கி, சாந்து பூச வேண்டும். கம்பி மெலிந்து போயிருந்தால் லின்ரலையே மாற்ற வேண்டும். மர லின்ரல் கிடக்கும் மிகப் பழைய வீடுகளில் துளைப்பது இலகு. கறையான் தின்றிருக்கிறதா என்று மட்டும் கத்தி நுனியால் குத்திப் பாருங்கள்.

இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல், உறவினர் வீட்டிலோ வாடகை வீட்டிலோ இருக்கும் குடும்பங்களையும் நினைக்கிறோம். 1990 இல் புறப்பட்டவர்களில் சிலரது பேரப்பிள்ளைகளும் பிறர் சுவருக்குள்ளேயே பிறந்து வளர்ந்துள்ளனர். ஓர் ஆணிக்காக வீட்டுக்காரருடன் மனக்கசப்பு வந்து, மாரி நடுவில் மூட்டை கட்டிய குடும்பமும் உண்டு. சுவரைத் தொடாமலே மறைப்புக் கட்டலாம். யன்னல் இடைவெளியின் அகலத்தை விடக் கால் அங்குலம் நீளமான காய்ந்த மூங்கில் தடியின் இரு முனைகளிலும் பழைய சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றி, இடைவெளிக்குள் சற்றுச் சரிவாக வைத்து நேராகத் தட்டினால் இறுகி நிற்கும். சீலையைத் தாங்குவதற்கு அதுவே போதும். போகும்போது தடியையும் கொண்டு போகலாம்.

இனிக் கட்டப் போகிறவர்களுக்குத் துளையே தேவையில்லை. லின்ரலுக்குப் பலகை அடித்துக் கம்பி கட்டும் நாளில், யன்னலின் இரு பக்கமும் உட்பக்க முகப்பில் வேப்பங்கட்டை ஒவ்வொன்றை, பின்புறத்தில் இரண்டு ஆணி பாதி அறைந்து, பலகையோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். கொங்கிறீற் இறுகியதும் கட்டை அதற்குள் பிடிபட்டிருக்கும். பலகை கழற்றி 28 நாள் சென்றபின் அதில் திருகாணி போடலாம். வீட்டின் உள்ளே, சுவருக்குச் சுவர் கொங்கிறீற் வளை போடுவதாயின், ஏணைக்கென்று 12 மி.மீ. கம்பியில் ஒரு கொழுக்கி வளைத்து, அதன் மேற்பகுதி வளையின் மேற்கம்பிகளுக்கு மேலாகப் போய்த் திரும்பும்படி கட்டுகம்பியால் கட்டிவிடலாம். அந்தக் கொழுக்கி பிடுங்கி வராது. எத்தனை கட்டை, எந்த யன்னலுக்கு, ஏணை எந்த அறையில் என்பதை வீட்டுப் பெண்களிடம் கேட்டு, கம்பி கட்டும் நாளிலேயே மேசனிடம் சொல்லிவிட வேண்டும். கலவை குழைத்த பிறகு எந்த மேசனும் கம்பியை அவிழ்க்கமாட்டார்.